நாற்பது வருஷக் கவுன்சிலர்

கவுன்சிலர் என்ற சொல்லுக்கு நம் ஊரில் மரியாதை குறைவு. தோற்றவரைப் பார்த்து, "கவுன்சிலர்கூட ஆக முடியல" என்பார்கள். ஜெயித்தவரைப் பார்த்து, "கவுன்சிலரா இருந்தே இவ்வளவு சேர்த்துட்டாரே" என்பார்கள். சினிமாவில் கவுன்சிலர் வந்தால் வில்லனின் கையாளாக வருவார், இல்லாவிட்டால் காமெடியனாக வருவார். கட்சிக்காரர்களைக் கேட்டால், அது எம்.எல்.ஏ. சீட்டுக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான்.

இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எழுபதைத் தாண்டிய பிறகு, கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல மனசு வராது. ஆனாலும் அந்தப் பதவியை அப்படி ஒதுக்கித் தள்ளுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஏன் என்று சொல்ல ஒரு கவுன்சிலரின் கதை வேண்டும். சென்னையில் அவர் பெயர் அடிபடாத நாளே இல்லை. ஆனால் முதல் எழுத்தோடு நிறுத்திவிடுகிறோம். "டி.நகர் போய்ட்டு வரேன்" என்கிறோமே, அந்த "டி"தான் அவர். சர் பிட்டி தியாகராயர்.

தியாகராயர் 1852 இல் பிறந்தவர். அசல் வடசென்னைக்காரர். நெசவுத் தொழில் செய்த தேவாங்கர் குடும்பம், தாய்மொழி தெலுங்கு. மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அந்தக் காலத்தில் பி.ஏ. முடித்தவர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போவதுதான் வழக்கம். இவர் தொழிலுக்குப் போனார். தோல், உப்பு என்று பல வியாபாரங்கள், வண்ணாரப்பேட்டையில் தறிக்கூடம். எப்போதும் வெள்ளை உடையில் இருந்ததால் "வெள்ளுடை வேந்தர்" என்ற பெயரும் வந்தது.

1882 இல் சென்னை நகரசபையில் உறுப்பினரானார். உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்று வைஸ்ராய் ரிப்பன் பிரபு தீர்மானம் கொண்டுவந்ததும் அதே வருஷம்தான். இன்று மாநகராட்சி இயங்கும் ரிப்பன் மாளிகை 1913 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஜார்ஜ் டவுன் எர்ரபாலு செட்டி தெருவில் அலுவலகம் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த வெள்ளை மாளிகை எழும்பும் முன்பே இவர் முப்பது வருஷம் கவுன்சிலராக இருந்துவிட்டார். அங்கே குடிபோன பிறகும் கிட்டத்தட்ட பத்து வருஷம் இருந்தார். மொத்தம் ஏறத்தாழ நாற்பது வருஷம்.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒருவர் ஒரே சீட்டில் பத்து வருஷம் இருந்தாலே "இவருக்கு புரொமோஷன் வரலையா, பாவம்" என்பார்கள். நாற்பது வருஷம் ஒரே சபையில் சாக்கடை, விளக்கு, குடிநீர், பள்ளிக்கூடம் என்று பேசிக்கொண்டிருந்தவரை என்ன சொல்வார்களோ!

இடையில் அவர் சும்மா இருந்தவரும் அல்ல. 1916 இல் டி.எம்.நாயர், நடேச முதலியார் ஆகியோரோடு சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். அதைத்தான் நாம் நீதிக்கட்சி என்கிறோம். அதே வருஷ டிசம்பரில் வந்த பிராமணரல்லாதார் அறிக்கையில் கையெழுத்து இவருடையது. நகரசபைத் தலைவர் நாற்காலியில் அதுவரை அரசு அதிகாரிகளே உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி அல்லாத ஒருவர் முதன்முதலாக அதில் உட்கார்ந்தார் என்றால் அது தியாகராயர்தான்.

அவர் தலைவராக இருந்தபோது நடந்த ஒரு காரியத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே படித்தவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். வறுமையால் பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கையே பாதிக்கப்படுகிறது என்ற விஷயம் சபைக்கு வந்தது. 1920 செப்டம்பர் 16 அன்று சபை ஒரு தீர்மானம் போட்டது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுப்பது, செலவு ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.

தீர்மானம் இவ்வளவுதான். ஒரே ஒரு பள்ளி, ஓர் அணா. வாண வேடிக்கை ஒன்றும் கிடையாது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்தப் பள்ளிகளில் 1922-23 இல் 811 ஆக இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை 1924-25 இல் 1,671 ஆயிற்று. இரண்டே வருஷத்தில் இரட்டிப்பு.

பிறகு என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக்கூடாது என்று ஆங்கிலேய அரசு ஆட்சேபித்தது. 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. பிள்ளைகள் வருவதும் குறைந்தது. மறுபடி 1927 இல் தொடங்கினார்கள். ஆட்சேபித்த அதிகாரிகளின் கண்ணில் அது ஒரு கணக்குத் தலைப்புப் பிரச்சினை. எந்தத் தலைப்பில் எந்தச் செலவு என்பதுதான் கேள்வி. நானும் அரசாங்கக் கணக்கோடு மாரடித்தவன் என்பதால் அந்த மனநிலை எனக்கு நன்றாகப் புரியும். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு காலியாகக் கிடப்பது எந்தத் தலைப்பிலும் வராது.

1956 இல் காமராஜர் மாநிலம் முழுக்க மதிய உணவு கொண்டுவந்தார். 1982 இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தார். 2022 இல் காலை உணவுத் திட்டம் வந்தது. ஆயிரம் விளக்கிலிருந்து இவற்றுக்கு நேராகக் கோடு போட்டு, "எல்லாம் இவரால்தான்" என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதற்கான உழைப்பும் போராட்டமும் பணமும் தேவைப்பட்டன. நான் சொல்ல வருவது ஒன்றுதான். பசிக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலேயே சாப்பாடு போடுவதற்கான செலவை ஒரு பொது அமைப்பு ஏற்க வேண்டும் என்று இந்த ஊரில் முதலில் முடிவெடுத்தது கோட்டை அல்ல. நகரசபை. கவுன்சிலர்கள் கூடிக் கைதூக்கி எடுத்த முடிவு அது.

ஏன் அங்கே நடந்தது? ஒரு குறிப்பிட்ட பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்பது கோட்டைக்குப் போய்ச் சேரும்போது ஒரு புள்ளிவிவரமாகிவிடும். நகரசபையில் அது இன்ன தெருவில் உள்ள இன்ன பள்ளிக்கூடம். அதை வார்டில் நடமாடுகிறவரால்தான் அப்படிப் பார்க்க முடியும். அதுவும் இரண்டு வருஷம் இருந்துவிட்டு மேலே போகிறவரால் முடியாது. வருஷக்கணக்கில் அதே தெருக்களைப் பார்த்தவருக்குத்தான் எது தற்காலிகம், எது தீராத நோய் என்று பிடிபடும்.

மேலே போவது என்றவுடன் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அதே 1920 இன் கடைசியில் சென்னை மாகாணத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. கவர்னர் வில்லிங்டன் பிரபு ஆட்சியமைக்கத் தியாகராயரை அழைத்தார். முதல் மந்திரி பதவி! அவர் வேண்டாம் என்றார். சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆனார். தியாகராயர் கட்சித் தலைவராகவும் நகரசபைத் தலைவராகவும் தம் வேலையைத் தொடர்ந்தார். 1925 இல் காலமானார்.

நகரசபையிலிருந்து பெரிய அரசியலுக்குப் போவதைத் தவறு என்று சொல்லவில்லை. ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர். பட்டேல் அகமதாபாத்திலும் நேரு அலகாபாத்திலும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். அவர்கள் போன இடங்களில் அவர்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் நமக்கு அந்த நால்வரின் நகராட்சி வேலை பற்றி எவ்வளவு தெரியும்? பெரிய பதவிக்குப் போனதால்தான் ஒருவருடைய வாழ்க்கையே வாழ்க்கை என்று நினைக்கப் பழகிவிட்டோம். முதல் மந்திரி பதவியை வேண்டாம் என்றவரை ஒரு கடைத்தெருவின் முதல் எழுத்தாக ஆக்கிவிட்டோம்.

அவரை அப்பழுக்கற்றவராக்கிப் பூஜை அறையில் மாட்டவும் எனக்கு விருப்பமில்லை. அன்றைய நகரசபைக்கு ஓட்டுப் போடும் உரிமை சொத்தும் வரியும் உள்ள சிலருக்குத்தான். ஆயிரம் விளக்குப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்த உரிமை இருந்திருக்க வாய்ப்பில்லை. 1921 இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. அப்போது ஆதிதிராவிட மக்கள் பக்கம் நீதிக்கட்சி நிற்கவில்லை என்று எம்.சி.ராஜா குற்றம் சாட்டினார். 1923 இல் தம் ஆட்களோடு கட்சியிலிருந்தே விலகினார். அந்தக் கசப்பில் கட்சித் தலைவருக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மனிதர் அப்படித்தான். ஓர் அணாச் சிற்றுண்டியும் அவர் கணக்கில்தான், அந்தக் கசப்பும் அவர் கணக்கில்தான்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன்.

நான் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தது 1975 இல். அப்போது ஊரில் கவுன்சிலரே கிடையாது. மஸ்டர் ரோல் ஊழல் வெளிவந்ததை அடுத்து 1973 டிசம்பரில் மாநகராட்சி மன்றத்தைக் கலைத்திருந்தார்கள். அடுத்த தேர்தல் எப்போது தெரியுமா? 1996 இல். இருபத்து மூன்று வருஷம்! நான் கல்யாணம் செய்து, வீடு மாறி, சொத்து வரி கட்ட ஆரம்பித்து, என் மகள் பத்தாம் வகுப்பு எழுதிய வருஷத்தில்தான் முதன்முறையாக வார்டுக்கு ஓட்டுப் போட்டேன். நடுவில் ஊரைத் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் நல்லவர்கள் இருந்தார்கள், திறமைசாலிகளும் இருந்தார்கள். ஆனால் அவர்களை நாம் அனுப்பவில்லை, நாம் திருப்பிக் கூப்பிடவும் முடியாது.

ஊழல் நடந்தது என்பதற்காக மன்றத்தைக் கலைத்ததை ஒரு வாதத்துக்கு ஏற்றுக்கொள்ளலாம். ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ மறுபடி தேர்தல் வைத்திருந்தால் அது சிகிச்சை. இருபத்து மூன்று வருஷம் என்பது நோயாளியை ஆஸ்பத்திரியிலேயே மறந்துவிட்டுப் போன கதை. இதில் எல்லாக் கட்சி ஆட்சிக்கும் பங்குண்டு.

அந்தக் காலத்தில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1978 இல் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்துக்குப் போயின. அந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஊர் மன்றத்தின் கையிலிருந்து ஊரின் தண்ணீர் போகும்போது, ஆதரித்தோ எதிர்த்தோ பேச மன்றத்தில் ஒரு ஆள்கூட இல்லை. இன்று கவுன்சிலரிடம் போய்த் தண்ணீர் வரவில்லை என்றால், "அது மெட்ரோ வாட்டர்ல சொல்லணும் சார்" என்கிறார். மின்சாரம் என்றால் வேறு அலுவலகம். கையில் ஒன்றுமே இல்லாதவரைப் பார்த்து, "இவரால ஒண்ணும் ஆகாது" என்கிறோம்.

1996 க்குப் பிறகாவது ஒழுங்காக நடந்ததா? 1993 இல் 74 ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நகராட்சித் தேர்தல் கட்டாயம். ஆனாலும் 2016 இல் நடக்க வேண்டிய தேர்தல் கோர்ட்டு, வார்டு மறுவரையறை என்று இழுத்து, 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. மறுபடி ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் இல்லை.

அந்த இடைவெளியில் கொரோனா வந்தது. 2020 இல் தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். நோய் வந்த வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இரவு பகல் பாராமல் துப்புரவுப் பணியாளர்களும் செவிலியரும் உழைத்ததை நான் என்றும் மறக்க மாட்டேன். ஆனால் தகரத்தை எந்த வீட்டு வாசலில் வைப்பது, அடைபட்ட வீட்டுக்குப் பால் யார் கொண்டுபோவது, தனியாக இருக்கும் பெரியவர் யார் என்பதெல்லாம் வார்டுக்குள் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள். ஒரு கோடி முகங்கள் உள்ள ஊருக்கு நடுவில், நம் தெருவின் பெயரைச் சொல்லி மன்றத்தில் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. அதைப் பெரிய குறையாக நம்மில் எத்தனை பேர் உணர்ந்தோம்? என்னை உறுத்துவது அதுதான்.

"இப்போதான் ஃபோன் நம்பர் இருக்கு, ஆப் இருக்கு, கவுன்சிலர் எதுக்கு மாமா?" என்று என் அண்ணன் மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. ஆப் உன் வீட்டு வாசல் விளக்கைப் பற்றிய புகாரை வாங்கிக்கொள்ளும். விளக்கும் எரியும். ஆனால் ஆயிரம் விளக்குப் பள்ளியில் வகுப்புக்கு வராத பிள்ளை எந்த ஆப்பில் புகார் கொடுத்திருக்கும்? கேட்கத் தெரியாதவருக்காகக் கேட்க ஒரு ஆள் வேண்டும். இந்த வருஷம் பணத்தைப் பூங்காவுக்குப் போடுவதா, பள்ளிக் கழிப்பறைக்குப் போடுவதா என்று நாலு பேர் நடுவில் வாதம் செய்ய ஒரு இடம் வேண்டும். புகார் வேறு, தீர்மானம் வேறு.

இன்று சென்னையில் 200 வார்டுகள். 2011 கணக்குப்படி மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 67 லட்சம் பேர். வகுத்தால் ஒரு கவுன்சிலருக்கு முப்பத்து மூவாயிரம் பேருக்கு மேல். நம்மோடு இதே அளவு நெருக்கமான மக்கள் பிரதிநிதி வேறு யாரும் கிடையாது. அவருக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் மதிப்பூதியம் என்பதே 2023 இல்தான் வந்தது. சம்பளமே இல்லாத வேலைக்கு இவ்வளவு போட்டி ஏன் என்று கேட்டுச் சிரிக்கிறோம். அந்தக் கேள்வியை அவர்களிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை. பணக்காரர் அல்லாத, நேர்மையான ஒருவர் முழுநேரம் இந்த வேலையைச் செய்ய நாம் என்ன வழி வைத்திருந்தோம்?

இப்போது கவுன்சிலர்களில் பாதிப் பேர் பெண்கள். சட்டம் கொடுத்த இடம். "ஃபோன் பண்ணினா அவங்க வீட்டுக்காரர்தான் எடுக்கறார்" என்று பலரும் குறை சொல்கிறார்கள். பல இடங்களில் அது நிஜம். அதற்கு ஒரு எளிய மருந்து உண்டு. "அம்மாவிடம் கொடுங்க" என்று சொல்லுங்கள். வேலையை வீட்டுக்காரரிடமே சொல்லி முடித்துக்கொண்டு, அப்புறம் அந்த அம்மாவைப் பொம்மை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

தேர்தல் மறுபடி வரும். சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவதை நான் சொல்லி நிறுத்த முடியாது. நிற்பவர் ஏற்கெனவே கவுன்சிலராக இருந்தவர் என்றால் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். மன்றக் கூட்டத்துக்கு ஒழுங்காகப் போனாரா? நம் வார்டுக்காக என்ன பேசினார், என்ன தீர்மானம் கொண்டுவந்தார்? 2022 இல் தொடங்கிய பகுதி சபைக் கூட்டத்தை நம் பக்கம் நடத்தினாரா? மூன்றுக்கும் சரியான பதில் இருந்தால், அவர் எந்தக் கட்சியானாலும் இன்னொரு முறை அனுப்புங்கள். இன்னும் ஒரு முறை அனுப்புங்கள். எம்.எல்.ஏ. ஆகவில்லையே என்று அவரைப் பார்த்து உச்சுக் கொட்டாதீர்கள்.

கூட்டம் நடத்தினால் நாமும் போக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் சென்ற முறை நடந்தபோது வந்தவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். அதில் பாதிப் பேர் என்னைப் போல ரிடையர் ஆனவர்கள். மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் தாய்மார் ஒருவர்கூட இல்லை. வார நாளில், பகல் வேளையில் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலையில் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கவுன்சிலர் வாங்கிப் படித்தார், பார்க்கலாம் என்றார்.

உங்கள் வார்டு எண் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? சொத்து வரி ரசீதில் இருக்கும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.